தாழ்வார வெளிச்சத்தில் ஒரு கீபோர்டு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குமுளி மலைச்சாலையில் பஸ் ஏறும்போது, பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறக்கும் அந்தப் பெரிய இரும்புக் குழாய்களை ஜன்னல் வழியே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1950களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம் அது. தேனிக்குக் கிழக்கே ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் போனால் காற்றாலைகள். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. இத்தனையும் இருந்தும், 2012ஆம் ஆண்டு நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். சென்னைக்கு வெளியே இருந்த பெரும்பாலான ஊர்கள் அப்படித்தான் கிடந்தன.

அந்த வருஷம் அக்கா பரணிலிருந்து பேசிட் டைப்ரைட்டரை இறக்கினாள். சென்னை பெருங்குடித் தொழிற்சாலையில் செய்த மிஷின். அக்காவுக்கு உத்தமபாளையம் தாலுகா அலுவலக வாசலில் ஜாப் டைப்பிங் தொழில். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம், வக்கீல்கள் கொடுக்கும் பிரமாண வாக்குமூலம், அங்கன்வாடி வேலைக்கான பயோடேட்டா என்று காலை பத்து மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது. கம்ப்யூட்டருக்கு மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. மின்வெட்டு அவளை மறுபடி இரும்பு விசைகளுக்கு அனுப்பியது. அவள் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை. கம்பத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டையும் தமிழிலும் இங்கிலீஷிலும் முடித்த கை அது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அந்தப் பரீட்சையில் பாஸ் செய்த பெண்களால்தான் இந்த மாவட்டத்தின் பாதி அலுவலகங்கள் ஓடின என்று சொன்னால் மிகையில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பெங்களூரில் சின்னச் சின்னக் கருவிகளுக்குச் சர்க்யூட் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஊருக்கு வந்து சேர்ந்தேன். 2021இல் ஒரு நாள் அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தகரச் சாய்ப்பு இறக்கிய தாழ்வாரம். கடைக்குள் இருட்டும் புழுக்கமும் என்பதால் மேஜையை எப்போதும் வெளியில்தான் போட்டிருப்பாள். மனு எழுத வந்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பாட்டி கீபோர்டின் வயரில் கால் தடுக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டார். அக்கா எழுந்து அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, வயர் இல்லாம ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள். "ஆனா பேட்டரி மாத்துறது, சார்ஜ் போடுறது எல்லாம் எனக்கு ஆகாது. அடிச்சா எழுத்து விழுந்தது விரலுக்குத் தெரியணும். இதுல திரையைப் பார்த்தாத்தான் தெரியுது."

பிறகு நான் எழுதிய எந்த விவரக்குறிப்பும் இதைவிடத் தெளிவாக இருந்ததில்லை. வயர் கூடாது, சார்ஜ் போடும் வேலை கூடாது, விரலுக்குத் தெரிய வேண்டும். சூரிய ஒளி, புளூடூத், மெக்கானிக்கல் சுவிட்ச் மூன்றும் அந்த மூன்று வாக்கியத்திலிருந்து வந்தவை. மரம் பிறகு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். சூரிய ஒளியில் ஓடும் கீபோர்டால் வீட்டுக் கரண்ட் பில் குறையாது. வயர் வைத்த கீபோர்டு மடிக்கணினியிலிருந்து எடுக்கும் மின்சாரம் அற்பமானது. இங்கே சூரியனால் கிடைக்கும் லாபம் வேறு. பாதி மனுவில் பேட்டரி தீர்ந்து நிற்காது. தீர்ந்த பேட்டரிகள் தெருவோரக் குப்பையில் சேராது. சார்ஜர் தேடும் வேலை ஒரு மனுஷியின் தலையிலிருந்து இறங்கும். அன்றாடம் ஒரே கருவியோடு எட்டு மணி நேரம் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்த யோசனை புதிதல்ல. லாஜிடெக் நிறுவனம் 2010 நவம்பரில் கே 750 என்ற சூரியக் கீபோர்டை வெளியிட்டது. அறை விளக்கின் வெளிச்சத்திலேயே சார்ஜ் ஏறும். முழுதாக ஏறினால் இருட்டில்கூட மூன்று மாதம் ஓடும் என்றார்கள். என் பழைய அலுவலகத்தில் ஒருவர் மேஜையில் அது இருந்தது. மேல் விளிம்பில் இரண்டு கறுப்புப் பட்டை, விரல் தடிமன்கூட இல்லாத உடம்பு. நல்ல பொறியியல். ஆனால் அதன் விசைகள் மடிக்கணினி விசை மாதிரி மெல்லியவை. டைப்ரைட்டரில் பழகிய கைக்கு அது வேறு உலகம். மெக்கானிக்கல் சுவிட்சில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் இருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வகைதான் இன்றைக்கும் அளவுகோல். விசை 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியில், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அடி வரை குத்த வேண்டியதில்லை. அதன் காப்புரிமை முடிந்த பிறகு சீனாவில் பல கம்பெனிகள் அதே வடிவத்தில் செய்யத் தொடங்கின. விலை நம் கைக்கு எட்டியது. சில மாதிரிகளை வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். 'டிக்' என்று சத்தம் போடும் நீல வகையை எடுத்துத் தனியே வைத்தாள். தாலுகா அலுவலக வாசலின் இரைச்சலில் அந்தச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது.

அடுத்து வெளிச்சம். இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

சூரியக் கருவி என்றாலே நம் மனதில் வருவது கொளுத்தும் வெயில்தான். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப் லைட் போட்ட அறைக்குள் மேஜை மட்டத்தில் இருநூறு, முந்நூறு லக்ஸ்தான். வெளிநாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இந்த அறை வெளிச்சத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. கால்குலேட்டரில் பார்க்கும் பழுப்பு நிறப் பட்டை அதற்காகவே செய்தது. அது விளக்கொளியை நன்றாக உறிஞ்சும். கூரை மேல் வைக்கும் கருநீலப் படிகச் சிலிக்கானுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். இரண்டில் எது என்று புத்தகத்தைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன், செல்போனில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கிக்கொண்டு அக்காவின் மேஜையில் வைத்துப் பார்த்தேன். சாய்ப்புக்கு அடியில், நேர் வெயில் ஒரு துளியும் விழாத இடத்தில், காலையில் மூவாயிரம். மதியம் அதற்கு மேல். மேகம் மூடிய ஐப்பசி நாளிலும் ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அறை வெளிச்சமும் இல்லை, வெயிலும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நம் ஊரில் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் எத்தனையோ பேர் பகல் முழுக்க வேலை செய்வது இந்த வெளிச்சத்தில்தான். பூக்கட்டுகிறவர், தையல் மிஷின் போட்டவர், ஏலக்காய் தரம் பிரிக்கும் போடிப் பெண்கள் எல்லோரும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வெளிச்சத்தை நம்பி ஒரு கருவியை யாராவது வடிவமைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

தாழ்வாரத்தில் விழுவது பகல் வெளிச்சம் என்பதால் படிகச் சிலிக்கானையே எடுத்துக்கொண்டு கணக்கு போட்டேன். கீபோர்டின் மேல் விளிம்பில் 30 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படிகச் சிலிக்கான் பட்டை வைக்கலாம். இரண்டாயிரம் லக்ஸ் பகல் வெளிச்சத்தில் அது சுமார் 10 மில்லிவாட் கொடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு எண்பது மில்லிவாட் மணி. அதைச் சேமிக்கும்போது கொஞ்சம் வீணாகும். அறுபது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கேள்வி, கீபோர்டு எவ்வளவு தின்னும்? கோடையில் எங்கள் திராட்சைத் தோட்டக் கிணற்றில் அப்பா செய்வதைத்தான் நானும் செய்ய வேண்டியிருந்தது: ஊறுவது எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் இறைப்பது.

மூளையாக எடுத்துக்கொண்டது நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப் 52840 என்ற சிப். நார்வே நாட்டுக் கம்பெனி. புளூடூத் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த 2021இல் உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. கையில் கிடைக்கவே மாதங்கள் ஆயின. அதில் ஓட, ஜெட்எம்கே என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. யாரும் விசை அழுத்தாதபோது சிப் ஏறக்குறையத் தூங்கிவிடும். விசை அழுந்தினால்தான் விழிக்கும். கணினியோடு வைத்திருக்கும் வானலைத் தொடர்பிலும், சொல்ல எதுவும் இல்லாதபோது அழைப்புகளைத் தவிர்த்துவிடும். இப்படி ஓட்டினால் டைப் அடித்துக்கொண்டே இருக்கும்போதுகூட சராசரியாக ஒரு மில்லி ஆம்பியருக்குள் அடங்குகிறது. அதாவது மூன்று மில்லிவாட். எட்டு மணி நேரத்துக்கு இருபத்தைந்து சொச்சம். ஊறுவது அறுபது, இறைப்பது இருபத்தைந்து. மழை நாளில் மட்டும் இழுபறி.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கீபோர்டில் ஒரு விளக்குகூட வைக்கவில்லை. இன்றைக்குக் கடைகளில் மெக்கானிக்கல் கீபோர்டு என்று கேட்டால் வானவில் மாதிரி மின்னுவதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அறுபது விசைக்கு அடியிலும் விளக்கு எரிந்தால் மொத்தக் கீபோர்டும் எடுப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு மின்சாரம் அதற்கே போய்விடும். அவ்வளவு எதற்கு, கேப்ஸ் லாக்கைக் காட்டும் ஒற்றைச் சிவப்பு விளக்கு இரண்டு மில்லி ஆம்பியரில் தொடர்ந்து எரிந்தால், அது ஒன்றே கீபோர்டைப் போல இரண்டு பங்கு தின்னும். விசைகளைப் பார்க்காமல் அடிக்கிறவளுக்கு விளக்கு எதற்கு?

வெயில் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்திரையில் மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் சாய்ப்புக்குள் நுழையும். கறுப்புப் பட்டை கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொது விதி. செல்போனில் இருக்கும் பை மாதிரியான பேட்டரி வெப்பத்தில் உப்பும். அதனால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்குப் போனேன். சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. தோட்டத்தில் குத்திவைக்கும் சூரிய விளக்குகளுக்குள் பென் டார்ச் பேட்டரி அளவில் இருக்குமே, அதே செல். 3.2 வோல்ட். இதில் ஒரு வசதி: அந்தச் சிப் 3.6 வோல்ட் வரை நேரடியாகத் தாங்கும். நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்க வேறு பாகம் தேவையில்லை. ஒரு பாகம் குறைந்தால் ஒரு பழுது குறைந்தது. செல்லைப் பட்டையிலிருந்து தள்ளி, கீழ்ப்பக்கம் மரத்துக்குப் பின்னால் வைத்தேன். பக்கத்தில் ஒரு வெப்ப உணரி. 45 டிகிரி தொட்டால் சார்ஜ் நின்றுவிடும். செல் முழுதாக ஏறியிருந்தால் வெளிச்சமே இல்லாமல் இரண்டு மாதம் ஓடும். நாலைந்து வருஷம் கழித்து செல் தளர்ந்துபோனால், தேனியில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டு வாங்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அக்காவே மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கருவிகள் மீது எனக்குக் கோபமே உண்டு. திறக்க முடியாத ஒன்றை வாங்கியவர் அதற்குச் சொந்தக்காரர் ஆக மாட்டார்.

இனி மரம்.

உடம்பை அலுமினியத்தில் செய்வதுதான் வழக்கம். ஆனால் உலோகப் பெட்டிக்குள் வைத்த ஆண்டெனா வேலை செய்யாது, புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டாது. பிளாஸ்டிக்கில் வார்க்க அச்சு செய்தால் லட்சக்கணக்கில் செலவு. காய்ந்த மரமோ அலையை விட்டுவிடும். வெப்பத்தையும் சட்டென்று கடத்தாது. அதைவிட முக்கியம், எங்கள் ஊரில் நல்ல ஆசாரிகள் இருக்கிறார்கள். சுவிட்சுகளைப் பிடித்துக்கொள்ள ஒன்றரை மில்லிமீட்டர் உலோகத் தகடு அவசியம். அதைக் கோயம்புத்தூரில் லேசரில் வெட்டி வாங்கினேன். சுற்றுச் சட்டம், மேல் பட்டை, மணிக்கட்டு வைக்கும் கட்டை மூன்றும் மரம் என்று முடிவானது.

சின்னமனூர் ஆசாரி அண்ணனிடம் போனேன். எங்கள் வீட்டு நிலை, கதவெல்லாம் அவருடைய அப்பா செய்தவை. காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்ததை வாங்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, அஞ்சறைப் பெட்டி மூடியாட்டம் இருக்கு?"

விளக்கினேன். தகட்டைக் கையில் வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தார். "இரும்பையும் மரத்தையும் ஒட்டக் கூடாது. மரம் ஆடிக் காத்துல ஒரு மாதிரி இருக்கும், ஐப்பசி அடமழையில வேற மாதிரி இருக்கும். இரும்பு இருந்த இடத்துலயே இருக்கும். இடம் விட்டாத்தான் ரெண்டும் ஒத்துப் போகும்" என்றார். சட்டத்தின் உட்புறம் முழுக்க ஒரு காடி எடுத்து, தகட்டை அதில் செருகி, இரு பக்கமும் நூலிழை இடைவெளி விட்டு நிறுத்தலாம் என்பது அவர் சொன்ன வழி. பசை இல்லை, தகட்டில் ஆணி இல்லை. கதவின் நடுப்பலகை காலங்காலமாகச் சட்டத்துக்குள் இப்படித்தான் நிற்கிறது.

மரம் வாங்கப் புதிதாக எங்கும் போகவில்லை. இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கு நிலைக்கால் ஒன்று அவர் பட்டறையில் சாத்தியிருந்தது. எத்தனையோ பருவம் பார்த்துக் காய்ந்த கட்டை. அதை அவர் வெட்டிய விதத்தைக் கவனித்தேன். வெட்டுமுகத்தில் வளையங்களைப் பார்த்து, ரேகை நேர்கோடாக ஓடுகிற பக்கத்தை மட்டும் எடுத்தார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. குறுக்கே சுருங்கும். அதிலும் வளையத்தை ஒட்டிய போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேர்கோட்டு ரேகைப் பலகையின் அகலம் குறைவாக அசையும், வளையாது. மர விஞ்ஞானம் அட்டவணை போட்டுச் சொல்வதை அவர் கண்ணால் பார்த்து எடுத்தார்.

மணிக்கட்டுக் கட்டைக்குச் சில்வர் ஓக். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது அந்த மரம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் மலைகளில் ஊன்றிவிட்டது. பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் போகும் மரம் என்று யாரும் அதை மதிப்பதில்லை. இழைத்துப் பார்த்தால் உள்ளே ஜரிகை பின்னியது போலப் புள்ளிகள் மின்னும். கறுத்த ஈட்டி மரம் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். ஈட்டியைக் காப்பாற்றவென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டம் போட வேண்டிய நிலை வந்தது. மேற்கு மலையில் மிஞ்சி நிற்பது நிற்கட்டும். அலங்காரத்துக்காக அதைத் தொட எனக்கு மனம் வராது.

பாலிஷ் விஷயத்தில் கொரோனா முடிவெடுத்தது. ஆசாரி அண்ணனின் வழக்கம் அரக்குப் பாலிஷ். அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்தான். அக்காவின் மேஜையிலோ அப்போது மணிக்கொரு தரம் சானிடைசர் தெளித்தார்கள், அதுவும் ஸ்பிரிட். பட்ட இடமெல்லாம் அரக்கு இளகிப் பிசுபிசுக்கும். ஆகவே ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து, காயவிட்டு, மேலே தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

சர்க்யூட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சின்ன டயோடு, வரிசைக்கும் நெடுக்கைக்கும் கம்பி. சால்டரிங்கை உத்தமபாளையம் செல்போன் சர்வீஸ் கடைத் தம்பி ஒருவர் என் மேற்பார்வையே தேவைப்படாமல் செய்தார். கை அவ்வளவு சுத்தம். ஆண்டெனா இருக்கும் மூலை மட்டும் தகட்டைத் தாண்டி, தேக்குப் பட்டைக்கு அடியில் வரும்படி பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக எழுத்து. கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எந்த இடத்து விசை அழுந்தியது என்று மட்டும் கணினிக்குச் சொல்லும். அதை எந்த எழுத்தாக மாற்றுவது என்பது கணினியில் இருக்கும் மென்பொருளின் வேலை. அக்காவின் விரல்களில் இருப்பது பழைய டைப்ரைட்டர் வரிசை. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது லேசான காரியமா? மெய்யின் புள்ளி, இகரக் குறி போன்றவற்றுக்கு நகரா விசை வைத்தார். அதை அடித்தால் காகிதம் நகராது. அடுத்து விழும் எழுத்து அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த வரிசையில் பயிலகங்களில் உட்கார்ந்து பழகிய தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது.

அக்காவிடம் வேலை பழகும் பெண்களுக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற வரிசை. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அப்படியே. தமிழின் போக்கைக் கவனித்துச் செய்த வரிசை என்பதால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் அந்த எழுத்துகள் அச்சிட்ட மெக்கானிக்கல் கீபோர்டு எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அரசு ஏற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இதுதான் நிலை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வழி தேனியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. கல்யாணப் படத்தைக் காப்பிக் கோப்பையில் அச்சடிக்கிறார்களே, அதே முறை. மையைச் சூட்டில் ஆவியாக்கி உள்ளே இறக்குவது. பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த விசைமூடிகள் அந்தச் சூட்டைத் தாங்கும்; சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வெள்ளை விசைமூடிகளில் மேலே தமிழ்99 எழுத்து, மூலையில் சின்னதாக இங்கிலீஷ் எழுத்து. மை மேலே ஒட்டாமல் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடுவதால் தேயாது. ஸ்டூடியோக்காரர் முதலில் ழகரத்தை அச்சடித்து எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். இவ்வளவு சுத்தமாக ஒரு ழகரத்தை நான் எந்த விசையிலும் பார்த்ததில்லை.

2022 தை மாதத்தில் அக்காவின் மேஜைக்கு அது போனது. மென்பொருளில் ஒரே சொடுக்கில் டைப்ரைட்டர் வரிசைக்கும் தமிழ்99க்கும் மாறலாம் என்பதால் காலையில் அக்காவும் மதியத்துக்கு மேல் பழகும் பெண்ணும் அதிலேயே அடிக்கிறார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளை வைத்திருந்தேன். அந்த வருஷ ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கக் கடந்தும் அக்கா அதில் கேபிள் செருகவில்லை. ஆடியில் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி சற்று அகன்று தெரிந்தது, மழைக்காலத்தில் மூடிக்கொண்டது. ஆசாரி அண்ணன் சொன்ன மாதிரியே. மனு எழுத வந்த ஒரு பெரியவர் மரத்தைத் தடவிப் பார்த்து, "பழைய தேக்குல்ல?" என்று கேட்டாராம். கம்ப்யூட்டர் சாமான் எதையும் அவர் அப்படித் தொட்டிருக்க மாட்டார் என்று அக்கா சொன்னாள்.

செலவு குறைவில்லை. சாதாரணக் கீபோர்டின் விலையைப் போல பத்து மடங்கு ஆனது. ஒன்று மட்டும் செய்தால் அப்படித்தான் ஆகும். நூறு செய்தால் பாதிக்கு மேல் இறங்கும் என்று கணக்கு சொல்கிறது.

போடி அரசு பொறியியல் கல்லூரியிலும் இந்த மாவட்டத்தின் மற்றக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒவ்வொரு வருஷமும் கடைசி வருஷப் பிள்ளைகள் புராஜெக்ட் செய்கிறார்கள். கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ, கைதட்டினால் எரியும் விளக்கு என்று செய்து, மதிப்பெண் வாங்கியதும் பலதும் பரணுக்குப் போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவரிடம் போங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேஜையில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்துவிட்டு வரையத் தொடங்குங்கள். கீபோர்டுதான் செய்வதென்றால் விசைகளில் தமிழ்99 எழுத்துகளைப் போடுங்கள். என் சர்க்யூட் வரைபடமும் ஆசாரி அண்ணனின் காடி அளவுகளும் கேட்கிற யாருக்கும் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.